அக்டோபர் பட்டம்

இங்கிலாந்தின் தோட்டங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் போவார்கள். செல்சி மலர்க் கண்காட்சி மே மாதம் நடக்கும். ரோஜாக்கள் ஜூனில் கொட்டிப் பூக்கும். நான் அக்டோபர் கடைசியில் போனேன். பூத்து ஓய்ந்த தோட்டத்தில் தோட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசை. வசந்தத்தில் நாம் நின்று வியக்கிற அழகில் பெரும்பகுதி, இலை உதிரும் இந்தச் சில வாரங்களில்தான் மண்ணுக்குள் போகிறது. மழைக்கும் உறைபனிக்கும் முந்திக்கொள்ள வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால், அதன்பின் மாலை நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இந்த நாட்டுத் தோட்டக்காரருக்குப் பட்டம் என்றால் அது அக்டோபர்தான்.

லண்டனின் வடமேற்கே ஹாரோவை நோக்கி ரயிலில் போனால், தண்டவாளத்தை ஒட்டி நீளநீளமான துண்டு நிலங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கொட்டகை, மழைநீர் பிடிக்கும் பீப்பாய், காய்ந்த அவரைக் கொடி தொங்கும் கழிகள். இவற்றுக்கு அலாட்மென்ட் என்று பெயர். வீட்டில் நிலமில்லாதவர் காய்கறி போட்டுக்கொள்ள உள்ளாட்சி மன்றம் சிறு வாடகைக்கு விடும் நிலம். மக்கள் கேட்டால் மன்றங்கள் நிலம் ஒதுக்கித் தர வேண்டும் என்ற கடமையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது. பழைய கணக்கில் ஒரு முழுத் துண்டு 10 ராட். நம் கணக்கில் சுமார் 250 சதுர மீட்டர், ஏறக்குறைய 6 சென்ட். இரண்டாம் உலகப் போரில், வெற்றிக்காகத் தோண்டுங்கள் என்று அரசு அறைகூவியபோது இப்படிப்பட்ட துண்டுகள் சுமார் 14 லட்சம் வரை பெருகின. இன்று 3 லட்சம் சொச்சம் இருக்கின்றன. ஒன்று கிடைக்கப் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படியொரு துண்டை நெடுங்காலமாக வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்க நண்பர் அழைத்துப் போனார். யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம், செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட குடும்பம். வயது எழுபதைத் தாண்டியவர். நாங்கள் போனபோது ஒரு பலகையில் மண்டியிட்டுப் பூண்டு நட்டுக்கொண்டிருந்தார். முழுப் பூண்டைக் கையாலேயே உடைத்து, வெளிச்சுற்றிலுள்ள பெரிய பற்களை மட்டும் எடுக்கிறார். நடுவிலுள்ள சின்னப் பற்கள் சமையலுக்கு. கூர்முனை மேலே பார்க்க மண்ணில் வைத்து, அந்த முனை மறையும் வரை கட்டைவிரலால் அழுத்துகிறார். அடுத்த பல்லுக்கு ஒரு சாண் தள்ளிப் போகிறார். வரிசை முடிந்ததும் மேலே வலை விரிக்கிறார். இல்லாவிட்டால் பறவைகள் பிடுங்கிப் போட்டுவிடுமாம்.

“இந்தக் குளிரில் நட்டால் அழுகிவிடாதா ஐயா?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. உள்ளிக்குக் குளிர் வேணும். குளிர் காணாட்டில் பல்லுப் பிரியாது, ஒரே உருண்டையா நிண்டிடும். இப்ப நட்டால்தான் வாற ஆனி, ஆடியில கிளப்பலாம்” என்றார். எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடையில் சமையலுக்கு வாங்கும் பூண்டை நடக்கூடாது, அது வெப்ப நாடுகளில் விளைந்ததாக இருக்கும், இந்தக் குளிருக்குப் பழகிய விதைப் பூண்டைத்தான் நட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். பூண்டுப் பாத்திக்கு அடுத்த பாத்தியில் நவம்பரில் பிராட் பீன்ஸ் விதைப்பாராம். அது விரல் உயரம் முளைத்து, அப்படியே குளிர்காலம் முழுவதும் நின்று, மார்ச் பிறந்ததும் எழும்பும்.

கொட்டிலுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுக் கம்பி வலை சுற்றிய கூண்டு ஒன்று. அதில் இடுப்பு உயரத்துக்கு ஓக் இலைகள். தெருவோரம் உதிர்ந்தவற்றை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து நிரப்பியிருக்கிறார். பக்கத்துக் கூண்டில் போன வருடத்து இலைகள்; அதற்கும் பக்கத்தில் அதற்கு முந்தைய வருடத்தவை. மூன்றாவது கூண்டில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த காட்டின் வாசனையோடு இருந்தது. இலையின் நரம்புகூட மிச்சமில்லை. ஆட்டு எருவைப் போலச் சூடேறி மக்குவதல்ல இது. பூஞ்சைகள் மெல்ல மெல்ல இலையைத் தின்று மண்ணாக்குகின்றன.

“எங்கட ஊரில பூவரசங் குழை, வேப்பங் குழை வெட்டித் தோட்டத்தில தாழ்ப்பம். அந்தச் சூட்டுக்கு அது கெதியா உக்கிப்போகும். இஞ்ச ரெண்டு வருசம் பொறுத்திருக்க வேணும்” என்றார். பொறுத்திருப்பதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவருடைய நிலத்தில் பாதியைக் கொத்திப் பெரும் பெரும் கட்டிகளாக அப்படியே விட்டிருந்தார். லண்டன் களிமண் கோடையில் பாறைபோல் இறுகும். மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் கட்டிக்குள் இருக்கும் ஈரம் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிகிறது. உறைந்து உருகி, உறைந்து உருகி, மாசி மாதத்துக்குள் கட்டி தானாகவே உதிர்ந்துவிடும். வேறொரு மூலையில் ரை என்ற தானியத்தைப் பசுந்தாள் உரமாக விதைத்திருந்தார். குளிர்கால மழை மண்ணிலுள்ள நைட்ரேட்டைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். ரையின் வேர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் பயிரை மடக்கிக் கொத்திவிட்டால் பிடித்து வைத்ததெல்லாம் மண்ணுக்கே திரும்பும்.

அடுத்த துண்டை வைத்திருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி மண்வெட்டியைத் தொடுவதே இல்லை. சாமர்செட் மாவட்டத்தில் சார்ல்ஸ் டவுடிங் என்பவர் பல ஆண்டுகளாகப் பரப்பிவரும் கொத்தாத் தோட்ட முறை அது. இலையுதிர் காலத்தில் பாத்திகளின் மேல் மக்கிய கம்போஸ்ட்டைப் பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கொத்தினால் மண்ணின் கட்டுக்கோப்பும் அதிலுள்ள பூஞ்சை இழைகளும் குலையும் என்பது அவர்கள் வாதம். இரண்டு துண்டிலும் விளைச்சல் நன்றாகவே இருக்கிறது என்று இருவரும் சொன்னார்கள். கொத்தாத நிலத்தில் கம்போஸ்ட் எப்படி உள்ளே இறங்குகிறது என்று கேட்டபோது, அந்தப் பெண்மணி குனிந்து ஒரு கட்டியைப் புரட்டி மண்புழுவைக் காட்டினார்.

மண்புழுக்களைப் பற்றி இந்த உலகத்துக்குச் சொன்னவரின் வீடும் லண்டனின் ஓரத்தில்தான் இருக்கிறது. புரோம்லியிலிருந்து 146ஆம் எண் பேருந்து, ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய வேலிப் பாதைகளில் நெளிந்து டவுன் என்ற சிற்றூரில் போய் நிற்கும். அங்குள்ள டவுன் இல்லத்தில் சார்ல்ஸ் டார்வின் 1842 முதல் 1882இல் இறக்கும் வரை வாழ்ந்தார். தன் கடைசி நூலை அவர் மண்புழுக்களைப் பற்றித்தான் எழுதினார். அது 1881 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அந்த நூலுக்கான வேலையில் ஒரு பகுதி இலையுதிர் காலத்து வேலை. உதிர்ந்த இலைகளைப் புழுக்கள் இரவில் தங்கள் வளைக்குள் இழுத்துக்கொள்கின்றன. அகலமான பக்கத்தைப் பிடித்து இழுத்தால் வளை வாயில் இலை சிக்கும். பெரும்பாலும் குறுகிய நுனியைத்தான் அவை தேர்ந்து பிடிக்கின்றன என்று டார்வின் கண்டார். இது பழக்கமா, அறிவா என்று பார்க்க, காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிப் போட்டார். அவற்றிலும் பெரும்பாலானவற்றைக் கூரிய முனையைப் பிடித்தே இழுத்திருந்தன. 1842 டிசம்பரில் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணாம்புக் கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 1871 நவம்பரில், 29 ஆண்டுகள் கழித்து, அங்கே பள்ளம் தோண்டினார். சுண்ணாம்பு 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. மேலே வந்து சேர்ந்த மண் அத்தனையும் புழுக்கள் கொண்டுவந்து கொட்டியது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே போய் வருகிறது என்று அவர் கணக்கிட்டார்.

டார்வின் தினமும் நடந்த மணல் பாதையைச் சுற்றிவிட்டு அவருடைய புல்வெளிக்கு வந்தேன். மழை விட்டிருந்த நேரம். காய்ந்த இலைகள் பல தரையில் படுத்திருக்க, அங்கங்கே சில இலைகள் மட்டும் செங்குத்தாக நின்றன. குனிந்து பார்த்தேன். ஒரு லைம் மரத்து இலை பீடியைப் போல இறுகச் சுருண்டு, நுனி மண்ணுக்குள் போயிருக்க, காம்பு மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது. காம்பைச் சுற்றிச் சிறு உருண்டைகளாகப் புது மண். 1881இல் அவர் எழுதிய வேலை இந்த வருடமும் அதே இடத்தில் நடக்கிறது. தோட்டக்காரர் இலையைக் கூட்டித் தீ வைத்திருந்தால், நிலத்துக்குள் வேலை செய்யும் இந்த உயிர்களின் குளிர்கால உணவு சாம்பலாகப் போயிருக்கும்.

அடுத்து, லண்டனின் சேரிங் கிராஸிலிருந்து ரயிலேறி ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட்டில் இறங்கிப் பேருந்து பிடித்தால் சிசிங்ஹர்ஸ்ட். 1930இல் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் இடிபாடுகளாகக் கிடந்த ஒரு பழைய கோட்டை வீட்டை வாங்கி, அதைச் சுற்றி உருவாக்கிய தோட்டம். 1967 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. பழங்கால ரோஜாக்களுக்குப் பேர்போன இடம். அக்டோபர் இறுதியில் அங்கே ரோஜாக்களே இல்லை என்று சொல்லிவிடலாம். மழையில் நனைந்த ஒன்றிரண்டு மட்டும். நான் பார்க்கப் போனது கவாத்தை.

நம் ஊரில் ரோஜாச் செடியைக் கவாத்து செய்தால் தண்டுகளைக் குட்டையாக வெட்டிவிடுவோம். இங்கே உயரமாக வளரும் புதர் ரோஜாக்களுக்கு வேறு வழி. வயதான தண்டுகளை அடியோடு எடுத்துவிட்டு, இளந்தண்டுகளை முழு நீளத்துக்கும் விட்டுவிடுகிறார்கள். செடியைச் சுற்றி ஹேசல் மரக் குச்சிகளை வில்லாக வளைத்து இரு முனையையும் மண்ணில் ஊன்றுகிறார்கள். பிறகு ஒவ்வொரு ரோஜாத் தண்டையும் மெல்ல வளைத்து, அந்த வில்லில் சணல் கயிற்றால் கட்டுகிறார்கள். 1939இல் இங்கே தலைமைத் தோட்டக்காரராக வந்த ஜாக் வாஸ் கொண்டுவந்த முறை இது. நேராக நிற்கும் தண்டில் உச்சி மொட்டு ஒரு ஹார்மோனைச் சுரந்து கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும். பூ உச்சியில் மட்டும் வரும். தண்டைப் படுக்கையாக வளைத்தால் அந்த அதிகாரம் போய்விடுகிறது. ஒவ்வொரு கணுவும் விழித்துக்கொண்டு பூக்கிளை விடும். ஜூன் மாதத்தில் செடி அடியிலிருந்து முடி வரை பூவாக நிற்பதற்கு இந்தக் கயிற்று முடிச்சுகள்தான் காரணம்.

தடித்த தோல் கையுறை அணிந்த இளம் தோட்டக்காரர் ஒருவர் ஒரே செடியில் வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்தார். தண்டை ஒரே மூச்சில் வளைக்காமல், கட்டைவிரலால் அடியிலிருந்து நீவி நீவி, அது எங்கே இணங்குகிறது என்று பார்த்து வளைத்தார். மிச்சமிருந்த இலைகளைக் கிள்ளி எடுத்தார். தரையில் கிடந்த ரோஜா இலைகளையும் பொறுக்கி வாளியில் போட்டார். எல்லா இலையும் மண்ணில் கிடக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு விலக்கு. கரும்புள்ளி நோயின் வித்துகள் உதிர்ந்த ரோஜா இலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். எதை விட்டுவைக்க வேண்டும், எதை அகற்ற வேண்டும் என்று பிரித்தறிவதில் இந்தப் பருவத்தின் கலை பாதி அடங்கியிருக்கிறது.

பயணத்தின் கடைசி ஊர் கிழக்கு சசெக்ஸிலுள்ள நார்தியம். ரை என்ற பழைய துறைமுக ஊரிலிருந்து பேருந்து உண்டு. அங்கே கிரேட் டிக்ஸ்டர் இருக்கிறது. 1910இல் நத்தானியல் லாயிட் இந்த 15ஆம் நூற்றாண்டு வீட்டை வாங்கி, எட்வின் லட்யன்ஸைக் கொண்டு புதுப்பித்தார். பின்னாளில் டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த அதே லட்யன்ஸ். நத்தானியலின் கடைசி மகன் கிறிஸ்டோபர் லாயிட் 1921இல் இங்கே பிறந்து, 2006இல் இறக்கும் வரை இந்தத் தோட்டத்தை வளர்த்தார். தோட்டக்கலை பற்றித் தொடர்ந்து எழுதினார். 1993இல், 70 வயதைத் தாண்டிய பிறகு, லட்யன்ஸ் வடிவமைத்த ரோஜாத் தோட்டத்தையே பெயர்த்துவிட்டு, வாழையும் கல்வாழையும் டேலியாவும் நிறைந்த வெப்பமண்டலத் தோட்டமாக மாற்றினார். அதே ஆண்டு தலைமைத் தோட்டக்காரராகப் பொறுப்பேற்ற ஃபெர்கஸ் காரட் இன்றும் இங்கே இருக்கிறார்.

டிக்ஸ்டர் நிலமும் கனத்த களிமண்தான். ஈரமான களிமண்ணை ஒருமுறை மிதித்தால் அதிலுள்ள காற்று வெளியேறிவிடும். வேர் மூச்சுத் திணறும். அதனால் இங்கே யாரும் பாத்தியில் நேரடியாகக் கால் வைப்பதில்லை. நீண்ட மரப் பலகைகளைப் போட்டு, அதன்மேல் நின்று வேலை செய்கிறார்கள். பின்னால் நகர நகரப் பலகையை எடுத்து, அது அழுத்திய இடத்தைப் பல்வைத்த ஃபோர்க்கால் தளர்த்திவிடுகிறார்கள். காய்ந்த தண்டுகளையெல்லாம் ஒரே நாளில் வெட்டித் தள்ளுவதும் இல்லை. விதைத் தலைகள் பறவைகளுக்கு, குழல் தண்டுகள் பூச்சிகளுக்கு என்று விட்டுவைத்து, குளிர்காலம் நெடுகச் சிறிது சிறிதாக வெட்டுகிறார்கள். இந்த எஸ்டேட்டில் உயிரினங்களைக் கணக்கெடுத்த வல்லுநர்கள், காட்டையும் புல்வெளியையும் விட மலர்த் தோட்டத்தில்தான் உயிர் வகைகள் செறிந்திருப்பதைக் கண்டார்கள்.

புல்வெளியில் நடப்பதோ நேர்மாறு. அங்கே வெட்டிய புல்லை வாரி வெளியே கொண்டுபோகிறார்கள். காட்டுப் பூக்களுக்கு ஏழை மண்தான் பிடிக்கும். மண் கொழுத்தால் புல் ஓங்கிப் பூவை அமுக்கிவிடும். கிறிஸ்டோபர் லாயிட்டின் தாய் விதையிலிருந்து வளர்த்துக் கொண்டுவந்து நட்ட பாம்புத்தலை ஃபிரிட்டிலரிகள் இன்றும் ஏப்ரலில் இந்தப் புல்லில் பூக்கின்றன. மண்ணைக் கொழுக்க வைக்கும் வேலையும் மெலிய வைக்கும் வேலையும் ஒரே வேலிக்குள் நடக்கின்றன.

செடி வளர்க்கும் கொட்டகையில் துலிப் கிழங்குகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. நவம்பரில் நடுவார்கள். மண் நன்றாகக் குளிர்ந்த பின் நட்டால் துலிப்பைத் தாக்கும் பூஞ்சை நோய் குறையும். அடிபட்ட கிழங்கு ஒன்றை அங்கிருந்த பெண் கத்தியால் நெடுக்காக வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். வெங்காயத்தில் இருப்பதுபோல வெள்ளை அடுக்குகள். நடுவில், அடித்தட்டில் ஊன்றி, அரை விரல் நகம் அளவில் ஒரு வெளிர்மஞ்சள் முளை. கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தால், இலைச் சுருளுக்குள் ஓர் இளம் பூ. இதழ்கள் பச்சையாக ஒட்டிக்கிடக்க, உள்ளே மகரந்தத் தண்டுகள் புள்ளி புள்ளியாக இருந்தன. ஏப்ரலில் விரியப்போகும் பூ அக்டோபரிலேயே முழுதாக உருவாகியிருக்கிறது! ஆனால் அது எழும்பத் தேவையானது சூடல்ல. மூன்று மாதத்துக்குக் குறையாத குளிரில் கிடந்தால்தான் தண்டு நீளும். மத்திய ஆசிய மலைகளில் பிறந்த செடி. பனிக்காலம் கழியும் முன் தலைநீட்டக் கூடாது என்று அங்கே கற்றுக்கொண்டது. நம் சமவெளி ஊர்களில் துலிப் தானாகப் பூக்காததற்கு இதுவே காரணம்.

வெப்பமண்டலத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது வாழை இலைகள் தலைக்கு மேல் சலசலத்தன. ஜப்பானிய வாழை என்று அழைத்தாலும் இதன் பூர்விகம் தென் சீனா. பழம் தின்ன உதவாது; இலைக்காக வளர்க்கிறார்கள். சசெக்ஸின் சாம்பல் வானத்தின் கீழ் வாழையைக் காண்பது ஒரு தமிழனுக்குத் தரும் மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதை இங்கே வாழ வைப்பதற்கு எடுக்கும் பாடு என்னை இன்னும் நெகிழ வைத்தது. முதல் உறைபனியில் இலைகள் கருகிவிடும். அவற்றை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிப் பெரணி இலைகளைக் கனமாக அடைத்துக் கட்டுகிறார்கள். பெரணியின் மடிப்புகளில் தங்கும் காற்று குளிரைத் தடுக்கும். கட்டாவிட்டாலும் கிழங்கு பிழைத்துப் பக்கக் கன்று விடும். தண்டு பிழைத்தால்தான் அடுத்த ஆண்டு அது விட்ட உயரத்திலிருந்து வளரத் தொடங்கும். டேலியாவுக்கு வேறு நடைமுறை. உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாணாக நறுக்கி, கிழங்கைத் தோண்டி, தலைகீழாக நிறுத்துவார்கள். குழல் தண்டில் தேங்கிய நீர் வடிந்த பின், பனி புகாத அறையில் காய்ந்த மண்ணில் புதைத்து வைப்பார்கள்.

பூண்டுக்கும் துலிப்புக்கும் குளிரைக் கொடுக்க வேண்டும். வாழையையும் டேலியாவையும் குளிரிடமிருந்து காக்க வேண்டும். களிமண்ணைக் குளிரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒரே பருவம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பொருள் தருகிறது. அதை அறிந்து, ஆறேழு மாதம் கழித்து வரப்போகும் பலனுக்காக இன்றே குளிர்ந்த மண்ணில் மண்டியிடுகிறவர்களை இந்தப் பயணம் முழுவதும் பார்த்தேன். நல்ல தோட்டம் என்பது முந்தைய பருவத்தில் செய்த வேலை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

நமக்குக் குளிர்காலம் இல்லை. இலையுதிர் காலம் இருக்கிறது. மாசி, பங்குனியில் வேம்பும் அரசும் வாதுமையும் இலை உதிர்க்கின்றன. தெருத் தெருவாகக் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோம். புகையில் கண் எரிகிறது. மண்ணுக்குச் சேர வேண்டியது காற்றில் போகிறது. இங்கிலாந்தின் ஓக் இலைக்கு இரண்டு ஆண்டு தேவை என்றால், நம் வெயிலில் அவ்வளவு காலம் ஆகாது. நிழலில் ஒரு கம்பி வலைக் கூண்டு, அவ்வப்போது தெளிக்கக் கொஞ்சம் தண்ணீர், இடையிடையே ஒரு கூடைச் சாணம், இவ்வளவுதான் வேண்டும். மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவரும் ஒரு கோணிப்பையில் இதைச் செய்யலாம். ஆடியில் விதைக்க நினைப்பவர் பங்குனியில் தீப்பெட்டியைத் தூர வைத்துவிட்டு இலைகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும்.